ஃபேன் உயரத்தில் மிதக்கிறேன், திரும்பி வர முடியாமல் போய்விடுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. வாலாஜாபேட்டை பக்கம் சொந்த ஊர். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும். சில மாதங்களாக, நைட் ஷிப்ட் முடித்து வந்து காலையில் படுத்தால் இது நடக்கிறது. முழிப்பு வந்துவிடும். கை கால் அசையாது. காதுக்குள் ஒரே இரைச்சல், நெஞ்சில் பாரம். முதலில் பயந்து செத்தேன். ஒருநாள் ‘இது கனவுதான்’ என்று எனக்கே தெரிந்துவிட்டது. அடுத்த நொடி உடம்பிலிருந்து உருண்டு வெளியே வந்து ஃபேன் உயரத்தில் மிதந்தேன். கீழே பாயில் நான் படுத்திருப்பதைப் பார்த்தேன். சுவர் வழியாகத் தெருவுக்குப் போனேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் நீலக் கலர் தண்ணீர் டேங்க் இருந்தது. சாயங்காலம் ஏறிப் பார்த்தால் கறுப்பு டேங்க். அது ஒன்றுதான் இடிக்கிறது, மற்றதெல்லாம் அச்சு அசல்.

ஆயா, அமுக்குவான் பேய் என்று சொல்லி சோளிங்கருக்கு அழைத்துப் போனார். பெரியப்பா மகன், இது ஆன்மா செய்யும் பயணம், எல்லோருக்கும் கிடைக்காத வரம் என்கிறார். டே ஷிப்ட் வாரத்தில் விடியற்காலை 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மறுபடி படுத்துப் பழகச் சொன்னார், பழகுகிறேன். அந்த நேரத்தில் யாராவது தொட்டால் உயிர் திரும்பாதாம், அதனால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகப் படுக்கிறேன். கேலன்டமைன் என்று ஒரு மாத்திரை ஆன்லைனில் வாங்கச் சொல்லியிருக்கிறார். மனைவி சரியாகப் பேசுவதில்லை. ஆயாவோ அருணகிரிநாதர் கதையைச் சொல்லி, ‘அவராலேயே திரும்ப முடியலையே’ என்று அழுகிறார். நான் உண்மையிலேயே வெளியே போகிறேனா? திரும்பி வர முடியாமல் போகுமா? மூளையில் ஏதாவது கோளாறா?

பதில்: தம்பிக்கு வணக்கம். மூன்று கேள்விக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்கேயும் போகவில்லை. திரும்ப முடியாமல் போகவும் போகாது. எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூளைக் கோளாறுக்கு அடையாளம் எதுவும் தெரியவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை வேறு: 4 மணி அலாரம், பிரஸ் மெஷின், அந்த மாத்திரை. நீங்கள் அவற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானே கேட்கப் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இந்த அனுபவத்தோடு வருகிறவர்கள் அதை நேராகச் சொல்வதில்லை. தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்து, கதவுவரை போய்த் திரும்பி, ‘டாக்டர், இன்னொண்ணு’ என்பார்கள். பைத்தியம் என்று எழுதிவிடுவோமோ என்ற பயம். நீங்கள் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வதும் சுலபமாகிறது.

தூக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று உண்டு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும் ஒரு கட்டம் வரும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதை எழுதி வெளியிட்டார்கள். ரெம் தூக்கம் என்று பெயர். அந்த நேரத்தில் மூளை விழித்திருப்பதற்குச் சமமான வேலை செய்யும்; கதை மாதிரி நீளும் கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். கனவில் ஓடும்போது நிஜக் காலும் ஓடிவிட்டால் என்ன ஆவது? அதனால் மூளைத்தண்டு, உடம்புத் தசைகளுக்குப் போகும் கட்டளையை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைத்துவிடுகிறது. விதிவிலக்கு என்று பார்த்தால் முக்கியமாக இரண்டு: மூச்சை நடத்தும் உதரவிதானம், அப்புறம் கண்ணை உருட்டும் தசைகள்.

சில சமயம் கனவு முழுதாகக் கலையும் முன்பே விழிப்பு முந்திக்கொள்ளும். நினைவு வந்துவிட்டது, தசைக்குப் போட்ட தடை இன்னும் விலகவில்லை. ஆழமாக மூச்சிழுக்கப் பார்க்கிறீர்கள், விலாத் தசைகள் ஒத்துழைக்கவில்லை. உடனே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். பயத்தில் கனவின் மிச்சம் ஓர் உருவமாகவும் தெரியலாம். இதுதான் தூக்க முடக்கம். உங்கள் ஆயா அமுக்குவான் என்று சொன்னதும் இதைத்தான். அவர் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை, காரணம்தான் வேறு. நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை வந்துபோகிற விஷயம் இது. மல்லாந்து படுப்பவர்களுக்கும், தூக்கம் குறைந்தவர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் கூடுதலாக வரும்.

உங்களுக்கு ஏன் நைட் ஷிப்ட் முடிந்த காலையில் மட்டும்? ரெம் தூக்கம் உடம்புக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. விடியற்காலையும் காலை நேரமும்தான் அதற்கு உச்சம். ராத்திரி 10 மணிக்குப் படுப்பவருக்கு முதல் ரெம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் 7 மணிக்குப் படுக்கிறீர்கள். சரியாக உச்சத்தில் போய் விழுகிறீர்கள், அதுவும் தூக்கக் கடனோடு. கனவு சீக்கிரமே வந்துவிடுகிறது. வெளியிலோ வெயில், குக்கர் விசில், கோலமாவுக்காரர் குரல். உடம்புக் கடிகாரமும் பகலாகிவிட்டது என்று உசுப்புகிறது. தூக்கமும் விழிப்பும் இழுபறி நடத்தும் அந்த இடத்தில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள்.

அடுத்தது, ‘இது கனவுதான்’ என்று தெரிந்த அந்த நொடி. இதற்கு லூசிட் கனவு என்று பெயர். தெளிகனவு என்று வைத்துக்கொள்வோம். தூங்குகிறவனுக்கு, தான் தூங்குவது எப்படித் தெரியும், எல்லாம் கட்டுக்கதை என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1975-ல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண் தசைக்குத் தடை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதைப் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி அசைக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வைத்தார். ஆள் ரெம் தூக்கத்தில் இருக்கிறார் என்று கருவி காட்டிக்கொண்டிருக்கும்போதே, பேசி வைத்தபடி அந்தக் கண் அசைவு பதிவானது. 2021-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று நான்கு நாட்டு ஆய்வகங்களில், தெளிகனவில் இருந்த சிலரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்கிற மாதிரிக் கேட்டு, கண்ணசைவில் சரியான விடை வாங்கினார்கள். ஆக, தூங்கிக்கொண்டே தெளிவாக இருப்பது நிஜம். மக்களில் பாதிப் பேருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது நடந்திருக்கிறது.

சரி, கனவு என்று தெரிந்தும் உடம்பை விட்டு வெளியேறியது போல ஏன் இருந்தது?

‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற உணர்வு தானாக வருவதில்லை. கண் சொல்வது, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வது, தோலும் மூட்டும் தசையும் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்து, காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதி அதை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. காட்பாடி ஜங்ஷனில் நின்றுகொண்டிருக்கும் ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும். நம் வண்டிதான் நகர்கிறது என்று ஒரு கணம் உடம்பே நம்பும். கண் ஒன்று சொல்ல, உள்காது வேறு சொல்ல, மூளை தப்பான பக்கம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. 2002-ல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்க் என்ற நரம்பியல் நிபுணரின் குழு, வலிப்பு நோய்க்காக ஒரு பெண்ணுக்குப் பரிசோதனை செய்தபோது, நான் சொன்ன அந்தப் பகுதியில் வலது பக்கம் லேசாக மின்சாரம் செலுத்தியது. அந்தப் பெண் விழித்தபடியேதான் இருந்தார். தான் மேலே மிதப்பதாகவும், கட்டிலில் கிடக்கும் தன்னையே மேலிருந்து பார்ப்பதாகவும் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தினால் உணர்வும் நின்றது.

உங்கள் விஷயத்தில் மின்சாரம் தேவைப்படவில்லை. தசையிலிருந்து சேதி வரவில்லை, கண் மூடியிருக்கிறது. உள்ளே மட்டும் கனவு ஓடுகிறது. உடம்பு எங்கே என்று மூளைக்குத் தெரியவில்லை, தெரிந்ததை வைத்து ஒன்றைக் கட்டிவிடுகிறது. உங்களையே மேலேயிருந்து பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. உங்கள் கல்யாணத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். மணமேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் உங்களையே பார்க்கிறீர்களா, இல்லையா? பலருக்கு அப்படித்தான் தெரியும். அன்றைக்கு உங்கள் கண் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வழியில்லை. நம்மை வெளியிலிருந்து பார்க்கும் படத்தை வரைய மூளைக்கு நன்றாகவே வரும்.

ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் குழு 1988-ல் 107 தெளிகனவுகளை எடுத்துப் பார்த்தது. அதில் 10-ல் உடம்பை விட்டு வெளியேறும் உணர்வு இருந்தது. கனவின் நடுவில் தெளிவு வந்தவர்களைவிட, விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் இறங்கியவர்களுக்கே அது அதிகமாக வந்தது. நீங்கள் போவதும் அதே வழிதான்.

இப்போது அந்தத் தண்ணீர் டேங்க். வேறு ஒருவராக இருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பார். பொருந்துவதைச் சொல்லி, பொருந்தாததை முழுங்குவதுதான் மனுஷ சுபாவம். நீங்கள் மாடியேறிச் சரிபார்த்தீர்கள். மற்றதெல்லாம் அச்சு அசல் என்கிறீர்கள். அந்த மற்றதெல்லாம் நீங்கள் தினமும் பார்க்கிற தெரு, வாசல், லைட் கம்பம். கீழே நின்று பார்த்தால் தெரியாத ஒரே பொருள் டேங்க்தான். மூளை அங்கே ஒரு டேங்கை வைக்க வேண்டியிருந்தது, எங்கேயோ பார்த்த நீல டேங்கை எடுத்து வைத்துவிட்டது. கண் நிஜமாகவே போயிருந்தால் கறுப்பைத்தானே பார்த்திருக்கும்?

இன்னும் சந்தேகம் என்றால் இப்படிச் செய்யுங்கள். உங்கள் மனைவியிடம் ஒரு தாளில் மூன்று இலக்க எண் ஒன்றை எழுதி, உங்களுக்குக் காட்டாமல் பீரோ தலையில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை தானாக மிதக்கும்போது படித்துவிட்டு வந்து சொல்லுங்கள். கனவில் எழுத்தையும் எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் பெரும்பாலும் மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள். மருத்துவமனைகளிலேயே இந்தச் சோதனையைச் செய்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி கூரைக்கருகில் பலகை அடித்து, அதில் படம் வைத்தார்கள். இதயம் நின்றுபோய்ப் பிழைத்தவர்களிடம் கேட்டு, சாம் பர்னியா குழு 2014-ல் முடிவை வெளியிட்டது. படத்தைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பலகை இல்லாத இடங்களில்தான் பெரும்பாலோருக்கு இதயம் நின்றது, அதனால் அந்த ஆய்வோடு வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே போனதற்கு ஆதாரம் என்று கையில் எதுவும் அகப்படவில்லை.

ஆயாவிடம் போய் ஜெனீவா, ஸ்டான்ஃபோர்டு என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் பயம் வேறு. பாரிஜாத மலர் கொண்டுவர அருணகிரிநாதர் தன் உடலை விட்டுக் கிளியின் உடலுக்குள் புகுந்து போனார், போட்டிக்காரர் அவர் உடலை எரித்துவிட்டார், அவர் கிளியாகவே கோபுரத்தில் அமர்ந்து பாடினார் என்பது திருவண்ணாமலைக் கதை. கிளி கோபுரத்தைப் பார்த்தபடியே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உங்கள் அனுபவம் வேறு எப்படிப் புரியும்? அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கதையில் அவர் விட்டுப்போனது உயிரில்லாத உடல். உங்கள் உடம்பு அந்த நேரத்திலும் மூச்சு விடுகிறது, நாடி துடிக்கிறது. முடக்கம் விலகியதும் கொசு கடித்தால் தானாக அடிக்கவும் செய்யும். ஆயா வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். சோளிங்கர் போனதிலும் தப்பில்லை. மனசு கலங்கினால் அந்த மலைக்குப் போவது நம் பக்கத்து வழக்கம். ஆயிரத்து முன்னூறு படி ஏறி இறங்கினால் அன்றைக்கு நன்றாகவே தூக்கம் வரும்.

திரும்பி வருவது பற்றி: ரெம் கட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். உங்களுக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது முடியும், நீங்கள் எழுவீர்கள் அல்லது அடுத்த தூக்கத்துக்குள் போவீர்கள். இதில் மாட்டிக்கொண்டு யாரும் திரும்பாமல் போனதில்லை. தொட்டால் உயிர் போய்விடும் என்பது சுத்தப் பொய். முடக்கத்தைக் கலைக்கத் தொடுவதுதான் சுலபமான வழி. தாழ்ப்பாளை இன்றைக்கே எடுங்கள். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் முனகுவதோ மூச்சு வேகமாக வாங்குவதோ கேட்டால், தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருடைய கோபத்தை உங்கள் கனவின் மேல் வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் பாதி நாள் வேலை, மீதி நாள் பூட்டிய அறை என்று புருஷன் இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

யாரும் பக்கத்தில் இல்லாதபோது முடக்கம் வந்தால் திமிறாதீர்கள், திமிறினால் பயம்தான் ஏறும். மூச்சை அதன் போக்கில் விட்டு, கால் கட்டை விரலையோ நாக்கையோ மட்டும் அசைக்க முயலுங்கள். கண்ணை இடமும் வலமும் உருட்டலாம். சில நொடியில், மிஞ்சிப் போனால் ஓரிரு நிமிஷத்தில் விட்டுவிடும். ஒருக்களித்துப் படுத்தால் வருவதே குறையும்.

இப்போது நான் கேட்க வேண்டியது. டே ஷிப்ட் வாரத்தில் 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்து, கனவுக்காக அரை மணி முக்கால் மணி விழித்திருந்து, மறுபடி அரைகுறையாகத் தூங்கி, 6 மணி ஷிப்டுக்கு ஓடுகிறீர்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் ஏற்கெனவே தூக்கம் பாதிதான். இப்படிப்பட்டவருக்குக் கண் திறந்திருக்கும்போதே சில நொடி தூக்கம் வந்துபோகும், வந்தது அவருக்கே தெரியாது. பிரஸ்ஸில் இரண்டு கை பட்டன் இருக்கிறது, சென்சார் இருக்கிறது என்பீர்கள். அவசரத்தில் சென்சாரை ஆஃப் செய்து வைக்கிற கதையும் எனக்குத் தெரியும்; நசுங்கிய விரலோடு வருகிறவர்களைப் பார்க்கிற ஊர் இது. வீடு திரும்புவது பைக்கிலா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் செருகினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். சென்னை – பெங்களூரு சாலையில் காலை ஆறரை மணிக்கு அந்த 50 மீட்டருக்குள் எத்தனை லாரி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆன்மா ஊர் சுற்றுகிறதோ இல்லையோ, ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அதனால் அலாரம் பயிற்சியை நிறுத்துங்கள். கனவு தானாக வந்தால் வரட்டும், பறக்கப் பிடித்தால் பறங்கள், அதில் பாவமும் இல்லை வியாதியும் இல்லை. நைட் ஷிப்டில் 2 மணிக்கு மேல் டீ வேண்டாம். குடித்த டீயின் வீரியத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். கம்பெனி வாசல் டீக்கடை நண்பர்கள் கோபித்துக்கொண்டால் பால் குடியுங்கள். வீட்டுக்கு வரும்போது, வண்டி ஓட்டுவது நீங்களாக இல்லாவிட்டால், கறுப்புக் கண்ணாடி போடலாம். வெயில் கண்ணில் படாவிட்டால் தூக்கம் கலையாது. அறை இருட்டாக இருக்கட்டும், ஜன்னலுக்குக் கனமான போர்வை போதும். போன் வேறு அறையில். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் கிடைக்கவில்லையா? காலையில் ஐந்து, ஷிப்டுக்குப் போகும் முன் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே முடக்கம் குறைந்துவிடும்.

இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், இது வந்த நாள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குறையாவிட்டால் நோட்டோடு நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தொய்ந்து போனாலோ, சத்தமான குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி சொன்னாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். முழு விழிப்பில் மிதக்கும் உணர்வு வந்து, சற்று நேரம் என்ன நடந்தது என்றே நினைவில்லாமல் போனால், வலிப்பு நோயா என்று பார்க்க, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுக்க வேண்டியிருக்கும். குடும்பத்தில் யாருக்காவது தீவிர மனநோய் இருந்திருந்தால், அல்லது பகலிலும் சுற்றியிருப்பதெல்லாம் கனவு மாதிரி தோன்ற ஆரம்பித்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த கேலன்டமைன். அது அல்சைமர் மறதி நோய்க்குக் கொடுக்கிற மருந்து. தெளிகனவைக் கூட்டுகிறது என்பது ஆய்வில் தெரிந்ததுதான், உங்கள் அண்ணன் அந்த அளவில் பொய் சொல்லவில்லை. ஆனால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல் வரும். இதயத் துடிப்பு குறைந்து மயங்கி விழவும் கூடும். ஆஸ்துமா இருந்தால் இன்னும் மோசம். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாத மருந்து. வாங்கிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்சல் வந்திருந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று அதே நோட்டில் குறியுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.